33-0இல் எழுந்து போனவன் சொல்லும் ஆரூடம்

2022 டிசம்பர் 17, சனிக்கிழமை. மினியாபொலிஸில் வெளியே உறைபனி. யு.எஸ். பேங்க் ஸ்டேடியத்துக்குக் கூரை உண்டு என்பதால் உள்ளே ஸ்வெட்டர்கூட வேண்டியதில்லை. அப்போது ஒன்பது வயதான என் மகனோடு அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்க்க மேல்தட்டில் உட்கார்ந்திருந்தேன். முதல் பாதி முடிந்தபோது ஸ்கோர்: இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 33, எங்கள் வைக்கிங்ஸ் 0. நாங்கள் பந்தை உதைத்து அனுப்பினால் அவர்கள் அதைத் தடுத்து டச்டவுன் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது, 6 புள்ளி) போட்டார்கள். பாஸ் எறிந்தால் அதைப் பறித்து இன்னொரு டச்டவுன். பக்கத்து சீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தின் மேல் போட்டுக்கொண்டுவிட்டார்.

"கிளம்பலாம்டா, டிராஃபிக்காவது இருக்காது" என்றேன்.

"அப்பா, இன்னும் பாதி மேட்ச் இருக்கே."

இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் கார் ரேடியோவில் ஸ்கோர் நகர்ந்துகொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் நின்றோம். எங்கள் டால்வின் குக் பாஸைப் பிடித்து 64 யார்டு டச்டவுன் போட்டார், அப்புறம் சமன், அப்புறம் ஓவர்டைம். கடைசியில் 39-36, வைக்கிங்ஸ் வெற்றி. இந்த ஆட்டத்தின் பெரிய லீகான என்எஃப்எல் வரலாற்றிலேயே இதைவிடப் பெரிய பின்னடைவிலிருந்து மீண்டு எந்த அணியும் ஜெயித்ததில்லை. அதை நேரில் பார்க்க டிக்கெட் வாங்கிப் போய், ஹாலில் நின்றுகொண்டு பார்த்தவன் நான். இன்றுவரை நான் எதைப் பாதியில் விட்டாலும் மகன் ஒரே வார்த்தைதான் சொல்வான்: "முப்பத்துமூணு."

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதுவது 2025 சீசனுக்கு முன்னால். செப்டம்பர் 4 வியாழக்கிழமை பிலடெல்பியாவில் ஈகிள்ஸ் - கவ்பாய்ஸ் ஆட்டத்தோடு அது தொடங்குகிறது. இந்த வருடம் யாரும் எதிர்பார்க்காமல் எழுந்து வரப்போகும் அணி எது என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். நானும் எழுதுகிறேன். ஆனால் என் கணக்கு அந்த 33-0இலிருந்து தொடங்குகிறது.

அந்த சீசனில் வைக்கிங்ஸ் 13-4, அதாவது 13 வெற்றி, 4 தோல்வி. நான்கு அணிகள் கொண்ட எங்கள் டிவிஷனில் சாம்பியன். 8 புள்ளிகளுக்குள் முடிந்த ஆட்டங்கள் 11, பதினொன்றிலும் வெற்றி. ஒரு டச்டவுனும் அதன் பின் எடுக்கும் இரண்டு புள்ளிகளும் சேர்ந்தால் 8. அதாவது அந்த ஆட்டங்கள் எல்லாம் ஒரே ஒரு தடவை ஸ்கோர் செய்தால் மாறியிருக்கக்கூடியவை. நான் அதை வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸில் ஒருவர் மட்டும் வேறொரு எண்ணைக் காட்டினார்: சீசன் முழுவதும் நாங்கள் எடுத்தது 424 புள்ளி, கொடுத்தது 427. பதின்மூன்று ஆட்டங்களை வென்ற அணி, எடுத்ததைவிடக் கொடுத்ததே அதிகம்! அவர் கிரீன் பே பேக்கர்ஸ் ரசிகர், வயிற்றெரிச்சலில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். ஜனவரியில் சொந்த மைதானத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸிடம் 31-24 என்று தோற்று வெளியேறினோம். கடைசி முயற்சியில் 8 யார்டு தேவை என்றபோது 3 யார்டு தூரத்தில் நின்றவருக்குப் பாஸ் எறிந்தார் எங்கள் குவார்ட்டர்பேக் (பாஸ் எறிந்து தாக்குதலை நடத்துபவர்) கர்க் கசின்ஸ். அடுத்த வருடம் 7-10. கசின்ஸுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது ஒரு காரணம் என்றாலும், முந்தைய வருடத்துக் கடனும் வட்டியோடு வந்து சேர்ந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

அன்றிலிருந்து ஆகஸ்ட் மாதத்துப் புகழுரைகளை நான் படிப்பதில்லை. முந்தைய வருடத்தில் மூன்று புள்ளி, நான்கு புள்ளியில் தோற்றவர்கள் யார் என்று மட்டும் தேடுவேன். நூலிழையில் தோற்பதும் ஜெயிப்பதும் பெரும்பாலும் அடுத்த வருடத்துக்குத் தொடர்ந்து வருவதில்லை. நூலிழையில் தோற்றுக்கொண்டிருந்த அணிக்கு நல்ல கோச்சும், தேறி வரும் குவார்ட்டர்பேக்கும் கிடைத்துவிட்டால் ஊர் வாய் பிளக்கும்.

அதோடு இந்த லீகே கீழே இருப்பவனைத் தூக்கிவிடும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. மோசமாக ஆடிய அணிக்கு, கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் தேர்வு. சம்பளத்துக்கு எல்லோருக்கும் ஒரே உச்சவரம்பு, 2025இல் 27.92 கோடி டாலர். ஐபிஎல் ஏலம் பார்ப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மொத்தமே 17 ஆட்டங்கள் என்பதால் அதிர்ஷ்டம் சமன் ஆவதற்குள் சீசன் முடிந்துவிடும். முந்தைய வருடம் பிளேஆஃபுக்கு (சீசன் முடிந்தபின் நடக்கும் நாக்அவுட் சுற்று) வராத அணிகளில் குறைந்தது நான்கு அணிகள் அடுத்த வருடம் உள்ளே வருவது 1990 முதல் ஒரு தடவைகூடத் தவறவில்லை. போன வருடம் வாஷிங்டன், டென்வர், லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ், அப்புறம் நாங்கள்.

போன வருடம் வாஷிங்டனை நான் எதிர்பார்த்தேனா? இல்லை. 4-13 என்றிருந்த அணி புது கோச் டான் க்வின், புது குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் என்று வந்து 12-5 ஆனது. 2023இல் ஹூஸ்டனும் இப்படித்தான்: 3-13-1இலிருந்து (கடைசி 1 சமன்) 10-7. அதே 2023இல் நான் ஊருக்கெல்லாம் சொன்ன அணி நியூயார்க் ஜெட்ஸ். குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் வந்துவிட்டார், இனி யார் தடுக்க முடியும் என்று நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். பஜ்ஜிக்கு எண்ணெய் காய்வதற்குள், நான்காவது ஸ்னாப்பிலேயே, அதாவது பந்து நான்காவது முறை ஆட்டத்துக்கு வந்தபோதே, அவருக்குக் குதிகால் போய்விட்டது. சீசன் முழுக்க அவர் திரும்பவில்லை. எனவே இனி வருவதை எல்லாம் அந்த அளவுக்கே நம்புங்கள்.

என் முதல் தேர்வு நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். இருபது வருடம் ஜெயித்துக் குவித்தவர்களை ஆச்சரிய அணி என்று சொல்ல எனக்கே கூசுகிறது. ஆனால் போன வருடம் அவர்கள் 4-13. கோச் ஜெராட் மேயோவை ஒரே சீசனில் அனுப்பிவிட்டார்கள். வந்திருப்பவர் மைக் வ்ரேபெல். அதே அணிக்கு லைன்பேக்கராக (தடுப்பாட்டக்காரர்) ஆடி மூன்று சூப்பர் பவுல் (லீகின் இறுதிப் போட்டி) ஜெயித்தவர், டென்னஸி டைட்டன்ஸில் 2021இன் சிறந்த கோச் விருது வாங்கியவர். குவார்ட்டர்பேக் டிரேக் மே இரண்டாவது வருடம். போன வருடம் அவர் முன்னால் நின்ற தடுப்பு வரிசை ஓலைத் தட்டிபோல இருந்தது. அதற்குள் நின்றுகொண்டே 15 டச்டவுன் எறிந்தார். இந்த வருடம் இடது ஓரத்தைக் காக்க டிராஃப்டில் நான்காவது தேர்வாக வில் கேம்பெல்லை எடுத்திருக்கிறார்கள். மே இன்னும் முதல் ஒப்பந்தத்தில் இருப்பதால் சம்பளம் குறைவு. மற்ற அணிகள் ஒரு குவார்ட்டர்பேக்குக்கே வருடம் ஐந்து கோடி டாலருக்கு மேல் கொடுக்கும்போது, இவர்கள் அந்தக் காசில் சந்தையில் இறங்கி மில்டன் வில்லியம்ஸ், கார்ல்டன் டேவிஸ், ஹெரால்ட் லேண்ட்ரி, ஸ்டெஃபான் டிக்ஸ் என்று வாங்கிக் குவித்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த சங்கதி இனிமேல்தான். 17 ஆட்டங்களில் மூன்று, போன வருடம் எந்த இடத்தில் முடித்தாய் என்பதைப் பொறுத்து அமைகின்றன. கடைசி இடத்தில் முடித்தவனுக்கு மற்ற டிவிஷன்களின் கடைசிக்காரர்களோடு ஆட்டம். பேட்ரியாட்ஸுக்கு வாய்த்தவர்கள் டென்னஸி (3-14), லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் (4-13), ஜயண்ட்ஸ் (3-14). இது போதாதென்று நியூ ஆர்லியன்ஸும் கரோலினாவும் அட்டவணையில் இருக்கின்றன, இரண்டும் போன வருடம் 5-12. தோற்றதற்குக் கிடைத்த பரிசு. 10 ஆட்டம் ஜெயிப்பார்கள் என்று எழுதி வைக்கிறேன்.

அடுத்தது ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ். இவர்களும் 4-13தான், ஆனால் அந்தத் தோல்விகளைப் பிரித்துப் பாருங்கள்: ஒரே ஸ்கோர் வித்தியாசத்தில் முடிந்த 13 ஆட்டங்களில் 3-10. எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தது சீசன் முழுக்க 9 தடவைதான். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த விளையாட்டின் பந்து உருண்டை அல்ல, மட்டையோடு உருட்டிவிட்ட தேங்காய் மாதிரி. கீழே விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று எறிந்தவனுக்கும் தெரியாது, மேலே பாய்பவனுக்கும் தெரியாது. அதை யார் கையில் எடுக்கிறார்கள் என்பதில் திறமைக்குக் கொஞ்சம் பங்கு, குருட்டு அதிர்ஷ்டத்துக்கு நிறையப் பங்கு. தொடர்ந்து இரண்டு வருடம் ஒரே அணியைப் பந்து இப்படி ஏமாற்றாது என்பது என் நம்பிக்கை. ட்ரெவர் லாரன்ஸ் காயங்களால் 10 ஆட்டம்தான் ஆடினார், இப்போது உடம்பு தேறியிருக்கிறது. தாக்குதல் ஆட்டத்தில் பேர்பெற்ற லியாம் கோன் புது கோச். போதாக்குறைக்கு அடுத்த வருட முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்து, பந்து பிடிக்கவும் தடுக்கவும் தெரிந்த ட்ராவிஸ் ஹன்டரை எடுத்திருக்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு பக்கமும் 17 வாரம் தாங்குவாரா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். அவர் தாங்காவிட்டாலும் அணி மேலே வரும்.

சிகாகோ பேர்ஸைப் பற்றி எழுதக் கை கூசுகிறது, எங்கள் டிவிஷன்காரர்கள். போன வருடம் 4-2 என்று தொடங்கினார்கள். அடுத்து வாஷிங்டனோடு. ஆட்டத்தின் கடைசி முயற்சி, டேனியல்ஸ் பந்தைக் கண்மூடித்தனமாக வானத்தில் எறிந்தார். அந்த முயற்சி தொடங்கும்போது சிகாகோவின் தடுப்பாட்டக்காரர் ஒருவர் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாஷிங்டன் ரசிகர்களைச் சீண்டிக்கொண்டிருந்தார். பதறி ஓடிவந்து குதித்துத் தட்டிய பந்து, பின்னால் தனியாக நின்ற வாஷிங்டனின் நோவா ப்ரௌன் கைக்கே போனது. 18-15, வாஷிங்டன் வெற்றி. அதோடு தொடங்கிப் பத்து ஆட்டம் வரிசையாகத் தோல்வி. அதில் நன்றி நவிலல் நாளன்று டெட்ராய்ட்டில் நடந்தது கொடுமை: 32 விநாடி மிச்சம், கையில் ஒரு டைம்அவுட், மூன்று புள்ளிதான் பின்னால். யாரும் டைம்அவுட் கேட்கவில்லை. கடிகாரம் ஓடியது, ஒரு பாஸ் தரையில் விழுந்தது, ஆட்டம் முடிந்தது. டைம்அவுட் கையிலேயே இருந்தது. மறுநாள் கோச்சுக்கு வேலை போயிற்று.

இப்போது வந்திருக்கும் பென் ஜான்சன், டெட்ராய்ட்டின் தாக்குதல் ஆட்டத்தை வடிவமைத்தவர். போன வருடம் 68 தடவை தரையில் சாய்க்கப்பட்ட கேலப் வில்லியம்ஸைக் காப்பாற்ற, தடுப்பு வரிசையின் நடுவில் மூன்று பேரைப் புதிதாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். என் விதிப்படி பார்த்தால் இவர்கள் எழ வேண்டும். ஆனால் டெட்ராய்ட், கிரீன் பே, மினசோட்டா மூன்றோடும் தலா இரண்டு தடவை மோத வேண்டும். பாதி மனதோடு கைகாட்டுகிறேன்.

அரிசோனா கார்டினல்ஸையும் என் பட்டியலில் வைத்திருக்கிறேன். 6-4 என்று இருந்து கடைசியில் சரிந்து 8-9இல் முடித்தவர்கள். ட்ரே மெக்ப்ரைட் 111 பாஸ் பிடித்தும் அதில் டச்டவுன் இரண்டே இரண்டு. அது இப்படியே நீடிக்காது. பிளேஆஃப் வருவார்கள்.

கீழே இறங்கப்போவது யார் என்று கேட்டால், கான்சஸ் சிட்டி சீஃப்ஸ். 15-2, சூப்பர் பவுல் வரை போனவர்கள்தான். ஆனால் முதல் ஆட்டத்திலேயே கடைசிப் பாஸைப் பிடித்த பால்ட்டிமோர்காரரின் கால் கட்டைவிரல் எல்லைக்கோட்டைத் தொட்டதால் பிழைத்தார்கள். டென்வரிடம் கடைசி உதையைத் தடுத்து 16-14. நெருக்கமான ஆட்டம் எதிலும் தோற்கவே இல்லை. இந்தக் கதையை நான் மினசோட்டாவில் பார்த்துவிட்டேன். பேட்ரிக் மஹோம்ஸ் இருப்பதால் அதலபாதாளம் எல்லாம் போக மாட்டார்கள், ஆனால் 11 வெற்றிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

சியாட்டில் பற்றி நண்பர்கள் கேட்கிறார்கள். எங்களுக்கு 14-3 வாங்கிக் கொடுத்த சாம் டார்னால்டு இப்போது அங்கே. போன ஜனவரியில் ராம்ஸ் அவரை 9 தடவை சாய்த்ததைப் பார்த்த கண்ணுக்கு நம்பிக்கை வரவில்லை. 8-9 போடுகிறேன்.

எந்தக் கணக்குக்கும் சிக்காதவை உண்டு. 1999 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் ராம்ஸின் குவார்ட்டர்பேக் ட்ரென்ட் கிரீனுக்கு முழங்கால் போனபோது, உள்ளே வந்தவர் ஒரு காலத்தில் அயோவாவில் மளிகைக் கடையில் இரவு வேலையாக அலமாரி அடுக்கிய கர்ட் வார்னர். முந்தைய வருடம் 4-12. அந்த வருடம் 13-3, 41 டச்டவுன், சூப்பர் பவுல். அந்த ஆகஸ்டில் யார் சொல்லியிருப்பார்கள்? நூலிழைத் தோல்விகளை எண்ணிப் பார்த்தாலும் அவர் அதில் இருந்திருக்க மாட்டார்.

என் சொந்த அணி பற்றிச் சொல்லவில்லையே என்பீர்கள். காயத்தால் முதல் வருடம் முழுக்க உட்கார்ந்திருந்த ஜே.ஜே. மெக்கார்த்திதான் இனி குவார்ட்டர்பேக். போன வருடமும் நிறைய ஆட்டங்களை நெருக்கத்தில்தான் ஜெயித்தோம். என் விதி என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

செப்டம்பர் 8 திங்கட்கிழமை இரவு வைக்கிங்ஸுக்கு முதல் ஆட்டம், சிகாகோவில், நான் பாதி மனதோடு கைகாட்டிய அதே பேர்ஸோடு. எந்த ஸ்கோர் ஆனாலும் கடைசி விநாடி வரை டிவியை அணைக்க மாட்டேன் என்று மகன் என்னிடம் எழுதி வாங்கி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறான். மறுநாள் காலையில் அவனுக்கு ஸ்கூல் இருக்கிறது என்பதை அவன் அம்மா இன்னும் கவனிக்கவில்லை.