லீலாம்மா துணைப் பாத்திரமா?

2025 ஓகஸ்டில் இந்தியத் தேசிய விருதுகளை அறிவித்தபோது 'உள்ளொழுக்கு' என்ற மலையாளப் படத்துக்காக ஊர்வசியின் பெயர் வந்தது, சந்தோஷம்தான். ஆனால் கொடுத்தது சிறந்த துணை நடிகை விருது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. மாமி லீலாம்மாவாக ஊர்வசியும் மருமகளாகப் பார்வதியும் சரிபாதியாகத் தாங்குகிற படம் அது, இதில் யார் யாருக்குத் துணை? இதே நடிப்புக்குக் கேரள அரசு சிறந்த நடிகை விருதே கொடுத்தது. 2005 இல் வந்த 'அச்சுவின்டெ அம்ம'வுக்கும் தேசிய விருது துணை நடிகை வரிசையில்தான் கிடைத்தது. அம்மா வேடம் என்றாலே ஒதுங்கி நிற்கிற வேடம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கதை கேரளத்தின் குட்டநாட்டில் நடக்கிறது. மகன் இறந்துவிட்டான், வெள்ளம் வடியவில்லை, அடக்கம் செய்ய முடியாமல் நாட்கள் போகின்றன. மாரியில் மகாவலி பெருகி வெருகல், மூதூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் செத்தவீட்டை யாரும் விளக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் மருமகள் கர்ப்பம் என்று லீலாம்மாவுக்குத் தெரியவருகிறது. போன மகன் திரும்பி வந்த மாதிரி ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அழுது வீங்கிய அதே முகத்தில், பிள்ளை யாருடையது என்று எங்களுக்குத் தெரியும், அவவுக்குத் தெரியாது, எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு அடைத்துவிட்டது.

'சூரரைப் போற்று'விலும் சாவு வீட்டில் நிற்கிற அம்மாதான். தகப்பனின் சாவுக்குப் பிந்தி வந்த மகனைப் பார்த்து அதில் வெடித்து அழுவார். 'உள்ளொழுக்கு'வில் எல்லாவற்றையும் உள்ளுக்குள்ளேயே அடக்கி வைத்திருக்கிறார்.

1983 இல் 'முந்தானை முடிச்சு' படத்தில் குழந்தையைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் செய்த பரிமளம், அப்புறம் 'மைக்கேல் மதன காமராஜ'னில் திரிபுரசுந்தரி. அந்தப் படங்களை வைத்துச் சிரிக்க வைக்கிற நடிகை என்றே எங்களில் பலர் இவரை நினைத்துக்கொண்டிருக்கிறோம். சிரிப்புக் காட்சியில் நேரம் பிசகாமல் பேசிப் பழகியவர் என்பதால்தான் அழுகையையும் ஒரு நொடி கூட இழுக்காமல் முடிக்கிறார் என்பது என் எண்ணம்.

2024 இல் வந்த 'ஜே.பேபி'யும் இருக்கிறது, தமிழ்ப் படம், காணாமல் போன அம்மாவைப் பிள்ளைகள் தேடிப் போகிற கதை. திருகோணமலையில் அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்கவில்லை. இரண்டையும் பாருங்கள், வீட்டில் அம்மம்மா இருந்தால் அவவையும் கூட இருத்திப் பாருங்கள்.