திரும்பி வருவது வரைபடத்தால்தான்

நிகழ்ச்சிக்காகச் சாலையைத் தற்காலிகமாக மூட அனுமதி கேட்பது பற்றிய உங்கள் கட்டுரையில் படிவம், கட்டணம், கால அவகாசம் எல்லாம் சரியாக இருக்கிறது. விண்ணப்பத்தோடு தர வேண்டிய வரைபடத்தை மட்டும் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் அங்கேதான்.

மூடும் பகுதிக்குக் கோடு போட்டால் போதாது. எந்தச் சந்திப்பிலிருந்து எந்தச் சந்திப்பு வரை, நடுவில் வந்து சேரும் சந்துகள், மாற்றுப்பாதை, ஒவ்வொரு தடுப்பும் பலகையும் நிற்கும் இடம் எல்லாம் தெரிய வேண்டும். முதல் பலகையைத் தடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. வண்டி வேறு பக்கம் திரும்பக்கூடிய கடைசிச் சந்திப்புக்கு முன்பே வையுங்கள். இல்லையென்றால் லாரி உள்ளே வந்து மாட்டி, அவ்வளவு தூரமும் ரிவர்ஸில் போகும். மாற்றுப்பாதையில் தாழ்வான பாலம், எடை வரம்பு, ஒருவழி உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். பேருந்துத் தடம் என்றால் அதை இயக்குபவர்களிடமும் முன்கூட்டியே பேச வேண்டும்.

மேடை, கடைகள் போட்டாலும் தீயணைப்பு வண்டி நுழையப் போதுமான அகலம் நேராக விடுங்கள். சட்டென நகர்த்த முடியாத கான்கிரீட் தடுப்பு என்றால் அதிகாரி கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும்.

இன்னொன்று, நேரம். நிகழ்ச்சி மாலை 4 முதல் 8 என்றால் அதையே மூடும் நேரமாக எழுதிவிடுகிறார்கள். சாமான் இறக்க, பிரிக்க, கூட்டிப் பெருக்க முன்னும் பின்னும் 2 மணி நேரமாவது சேருங்கள். வண்டி நிறுத்தத் தடையையும் கூடவே கேளுங்கள். முந்தைய இரவே நின்றுவிட்ட கார்களைச் சாலை மூடல் உத்தரவு மட்டும் அப்புறப்படுத்தாது.