இலவசமாகச் சரிசெய்து தந்தாலும் ஏன் மறுக்கிறார்கள்?

உங்கள் நிலத்தில் கிடக்கும் பழைய சுரங்கக் குழியை அரசாங்கமே தன் செலவில் மூடித் தருகிறேன் என்று வந்தால் வேண்டாம் என்பீர்களா? அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிடிவாதக்காரர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அவர்களுடைய தாத்தாக்கள் போட்ட கையெழுத்தை மறந்துவிட்டு அதைச் சொல்லக் கூடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்குள்ள கென்டக்கி மாநிலத்தின் மலைக்கிராமங்களில் நிலக்கரி முகவர்கள் வீடு வீடாகப் போய், நிலத்தடியில் இருக்கும் நிலக்கரியை மட்டும் அடிமாட்டு விலைக்குக் கிரயம் வாங்கினார்கள். விற்றவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கனிமத்தை எடுக்க மேல்நிலத்தில் எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று பத்திரத்தில் ஒரு வரி இருந்தது. கடப்பாரையும் மண்வெட்டியும் இருந்த காலத்தில் அந்த வரியால் பெரிய சேதமில்லை. புல்டோசர் வந்த பிறகு அதே வரியைக் காட்டி மலையையே சரித்தார்கள். நீதிமன்றங்களும் செல்லும் என்றன. 1965 நவம்பரில் அதே மாநிலத்தின் நாட் மாவட்டத்தைச் சேர்ந்த 61 வயது விதவை ஆலி கோம்ப்ஸ், தன் வீட்டுக்கு மேலே வேலை செய்துகொண்டிருந்த புல்டோசருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். காவலர்கள் அவரைக் கைகாலைப் பிடித்துத் தூக்கிப் போனார்கள். அந்த ஆண்டு நன்றி நவிலும் நாள் உணவை அவர் சிறையில்தான் சாப்பிட்டார். இந்த அநியாயத்துக்கு முடிவுகட்ட மாநில அரசமைப்பைத் திருத்துவதற்கு 1988 வரை ஆனது.

இப்படிப்பட்ட ஊரில் இன்னொரு அதிகாரி இன்னொரு காகிதத்தை நீட்டி, 'இங்கே கையெழுத்துப் போடுங்கள், உங்கள் நன்மைக்குத்தான்' என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அந்தக் காகிதத்துக்குப் பின்னால் இருப்பது 1977 ஆகஸ்ட் 3-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம். வெட்டும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் நிறுவனங்களிடம் கட்டணம் வசூலித்து (திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அப்போது 35 சென்ட்), அதற்கு முன் கைவிடப்பட்ட சுரங்கங்களைச் சீரமைப்பதே ஏற்பாடு. உரிமையாளர் மறுத்தாலும், அவர் யாரென்றே தெரியாவிட்டாலும், அறிவிப்புக் கொடுத்துவிட்டு அரசு உள்ளே நுழையலாம். அது அத்துமீறலும் ஆகாது, நில ஆர்ஜிதமும் ஆகாது என்று சட்டமே சொல்லிவிடுகிறது.

கேட்கக் கடுமையாக இருந்தாலும் இந்த அதிகாரம் தேவை என்றே நினைக்கிறேன். பழைய சுரங்கத்தில் இருக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டால் அமிலமாகிறது. அதில் கரைந்து வரும் இரும்பு ஓடைக்கு வந்ததும் ஆரஞ்சு நிறச் சேறாகக் கற்கள்மேல் படிகிறது. மீனும் இருக்காது, மீனுக்கு இரையாகும் பூச்சியும் இருக்காது. அந்தத் தண்ணீர் வேலியோடு நின்றுவிடுவதில்லை. மேட்டில் இருப்பவர் 'என் நிலம், என் இஷ்டம்' என்றால், கீழே கிணறு வைத்திருப்பவர் எங்கே போவார்?

ஆனால் எல்லா வேலையும் இந்த வகை இல்லை. குழியை நிரப்ப மண் எங்கிருந்து எடுப்பது, லாரி எந்த வழியாக வருவது, எந்த மரங்களை வெட்டுவது, மாடு தண்ணீர் குடிக்கும் பழைய சுரங்கக் குட்டையை மூடுவதா வேண்டாமா என்பவையெல்லாம் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியவை. இதற்குமேல் வில்லங்கப் பயம் வேறு. சீரமைப்பால் நிலத்தின் மதிப்பு கணிசமாகக் கூடினால், கூடிய அளவுக்கு நிலத்தின்மேல் அரசு உரிமை கோர இடமிருக்கிறது. சுரங்க வேலைக்குச் சம்மதிக்கவோ அதில் பங்கெடுக்கவோ செய்யாத உரிமையாளருக்கு இது பொருந்தாது. அந்த விலக்கை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது என்பது என் கணிப்பு.

பென்சில்வேனியா மாநிலத்தில் சென்ட்ரேலியா என்ற ஊரின் கதை இதைவிட முற்றியது. 1962 முதல் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் நெருப்பு. 1983-இல் மக்களை இடம்பெயர்க்க 4.2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 1992-இல் மாநில அரசு வீடுகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. போகாமல் இருந்த சிலர், நெருப்பு ஒரு சாக்கு, கீழே இருக்கும் ஆந்த்ரசைட் என்ற உயர்தர நிலக்கரிதான் குறி என்று நம்பினார்கள். அந்தச் சந்தேகத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும், ஆயுள் உள்ளவரை அங்கேயே இருக்கலாம் என்ற உடன்பாட்டை 2013-இல்தான் அவர்களால் பெற முடிந்தது என்பதை நினைத்தால் கோபம் வருகிறது.

2021-இல் இந்தச் சீரமைப்புக்கென 15 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 1,130 கோடி டாலர் புதிதாக ஒதுக்கியிருக்கிறார்கள். ஒப்பந்ததாரர்களுக்குப் போகும் பணத்தில் ஒரு சிறு பங்கை, பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் வாரிசுகளைத் தேடிப் பிடிக்கவும், நிலத்துக்காரர் சார்பில் பத்திரத்தைப் படித்துச் சொல்லும் வக்கீலுக்கும் ஒதுக்க வேண்டும். அந்த வக்கீல் அரசாங்கச் சம்பளக்காரராக இருக்கக் கூடாது.