எந்த மரம் என்று சொல்லுங்கள், செய்து தருகிறேன்

'ட்ரீ ஆஃப் லைஃப்' டாலர் செய்து தருவீர்களா என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைத் தட்டித் தட்டி அலுத்துவிட்டது, அதனால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். செய்து தருவேன். ஆனால் அது எந்த மரம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். "மரம்னா மரம்தானே, அதுல என்ன எந்த மரம்?" என்று திருப்பிக் கேட்பதாக இருந்தால் வேறு பட்டறையைப் பாருங்கள், காரைக்குடியில் பட்டறைக்கா பஞ்சம்.

அந்த டாலரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு வட்டக் கம்பி. அதற்குள் ஏழெட்டு மெல்லிய கம்பிகளைச் சேர்த்து முறுக்கினால் அடிமரம். மேலே போகப் போக முறுக்கைப் பிரித்து, ஒவ்வொன்றாக வட்டத்தின் விளிம்பில் சுற்றிவிட்டால் கிளை. இடையில் பச்சையோ ஊதாவோ பொடிக்கல்லைக் கோர்த்தால் இலை, கீழே மிச்சமிருக்கிற நுனிகள் வேர். பொடி வைத்து ஊதிப் பற்றவைக்க வேண்டாம், நெருப்பே வேண்டாம், கை பழகியவர் பேசிக்கொண்டே முடித்துவிடலாம். வேலை சுலபம் என்பது என் குறை இல்லை. கூடவே ஒரு அட்டை வருகிறதே, அதுதான் என் குறை. வலிமை, ஞானம், குடும்பம், வளர்ச்சி, நித்தியம், பழங்காலக் கெல்ட்டியரின் புனிதச் சின்னம் என்று அச்சடித்திருப்பார்கள். இந்த ஐந்து சொல்லை ஆமை டாலருக்கும் போடலாம், யானை டாலருக்கும் போடலாம், யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை.

ஐரோப்பாவின் பழங்குடிகளான அந்தக் கெல்ட்டியர் மரத்தைக் கும்பிடவில்லை என்று சொல்லவரவில்லை. கும்பிட்டார்கள். அவர்களுடைய பூசாரிகளான துரூயிடுகள் ஓக் மரத்தைத்தான் கொண்டாடினார்கள், அதில் ஒட்டி வளர்ந்த புல்லுருவியைத் தங்க அரிவாளால் அறுத்தார்கள் என்று ரோமானியரான பிளினி எழுதி வைத்திருக்கிறார். ஓக், கவனியுங்கள். 'ஏதோ ஒரு மரம்' இல்லை. வேரும் கிளையும் பின்னி வட்டம் கட்டும் இந்த டாலர் வடிவம் பரவலானது போன நூற்றாண்டின் கடைசியில்தான். வடக்கே ஸ்காண்டிநேவியாவில் வாழ்ந்த நார்ஸ் மக்களின் உலக மரமான இக்த்ரசில்லும் அப்படித்தான், அது ஒரு ஆஷ் மரம். உச்சியில் கழுகு, வேரைக் கடித்துக்கொண்டு ஒரு நாகம், இரண்டுக்கும் நடுவில் ஏறி இறங்கிக் கோள்மூட்டும் ஒரு அணில். அந்த அணிலுக்குக்கூட ரட்டடோஸ்க் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு கூர்ந்து யோசித்தவர்களின் மரத்தை எடுத்து, இலை அடையாளமே தெரியாமல் கம்பியில் சுருட்டிக் கொடுத்தால் எப்படி?

கிரேக்கத்தில் தொடோனா என்று ஒரு இடம். அங்கே சீயஸ் கடவுளின் ஓக் மரத்து இலைகள் காற்றில் சலசலப்பதைக் கேட்டுக் குறி சொன்னார்கள். அதே ஓக்கைப் பொன்னில் செய்தும் வைத்திருக்கிறார்கள். 1977-இல் வெர்கினா என்ற ஊரில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள், அலெக்சாண்டரின் அப்பா இரண்டாம் பிலிப்புடையது என்று பெரும்பாலோர் சொல்லும் கல்லறை. உள்ளே ஒரு தங்கத் தலைமாலை, அதில் 313 ஓக் இலை, 68 ஓக் காய். இலை விளிம்பின் வளைவு வளைவான வெட்டும், தொப்பி போட்ட மாதிரி இருக்கும் காயும் அச்சு அசல். செய்த ஆசாரி கொப்பை ஒடித்து வந்து பட்டறையில் முன்னால் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும், இது என் ஊகம், ஆனால் தொழில் தெரிந்தவனின் ஊகம்.

இதைவிட எனக்குப் பிடித்தது 'ஊர்' (Ur) என்றே பெயர் கொண்ட பழைய நகரத்து அரசி பூஅபியின் தலையணி. இன்றைய ஈராக்கில் இருக்கிறது அந்த நகரம். லியோனார்ட் வூலி 1920-களில் தோண்டி எடுத்தது, வயது நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல், இப்போது பிலடெல்பியாவில் பென் மியூசியத்தில் இருக்கிறது. லாபிஸ் என்ற நீலக் கல்லும் செம்மணியும் கோர்த்த சரங்களிலிருந்து பொன் தகட்டு இலைகள் வரிசையாகத் தொங்கும். வில்லோ இலை ஒரு வகை, பாப்லர் இலை ஒரு வகை என்று எழுதிவந்தார்கள். பிறகு 2008-இல் தாவர ஆய்வாளர்களும் தொல்லியல்காரர்களும் சேர்ந்து, அந்த இரண்டாவது பாப்லர் இல்லை, சிந்து வெளிப் பக்கத்திலிருந்து கட்டையாகப் போன சிசு (ஷீஷம்) மரத்தின் இலை என்று வாதாடினார்கள். யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். தகட்டில் வெட்டிய ஒரு இலையை வைத்து, இத்தனை ஆயிரம் வருஷம் கழித்து, இது இந்த மரமா அந்த மரமா என்று சண்டை போட முடிகிறது பாருங்கள். நம் வட்ட டாலரை வைத்து யாராவது சண்டை போட முடியுமா?

அப்புறம் அந்த இலைகள் தொங்குகின்றன என்று சொன்னேனே, அதுதான் விஷயமே. அரசி நடந்தால் ஆடும். கொரியாவில் சில்லா அரசர்களின் பொன் முடிகளையும் பாருங்கள். 1921-இல் கியோங்ஜுவில் முதன்முதலில் கிடைத்தபோது ஒரு கல்லறைக்கே பொன்முடிக் கல்லறை என்று பெயர் வைத்துவிட்டார்கள். நெற்றிப் பட்டையிலிருந்து கிளை விட்ட மரம் மாதிரித் தகடுகள் எழும்பி நிற்கும், அவற்றில் முறுக்குக் கம்பியில் சின்னச் சின்ன வட்டத் தகடுகளும் வளைந்த பச்சைக்கல்லும் தொங்கும். அசையாமல் உட்கார்ந்தால்கூட மூச்சுக்கு மினுங்கும். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஆசாரிகள், இலை என்றால் ஆட வேண்டும் என்பதை மட்டும் ஒன்றுபோலப் பிடித்திருக்கிறார்கள்.

நம்மூருக்கு வருகிறேன். அரசிலை. பெண் குழந்தைக்கு அரைஞாணில் கட்டும் வெள்ளி இலை, அரைமூடி என்றும் சொல்வோம். பழைய வேலை ஒன்று என் மேஜையில் இப்போது இருக்கிறது, உருக்கக் கொண்டுவந்ததை எடைக்கு எடை வெள்ளி கொடுத்து வாங்கி வைத்தேன். கட்டைவிரல் அளவு. நடு நரம்பை உளியால் ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார்கள், அது நேர்கோடாக இல்லை, அடியில் லேசாக ஒருபக்கம் சாய்ந்து பிறகு நிமிர்கிறது. பக்க நரம்புகள் விளிம்பு வரை போகவில்லை, விளிம்புக்குச் சற்று உள்ளேயே வளைந்து ஒன்றை ஒன்று தொடுகின்றன, உண்மையான அரசிலையிலும் அப்படித்தான், நம்பாவிட்டால் பிள்ளையார் கோயில் மேடையில் ஒன்றைப் பொறுக்கிப் பாருங்கள். முனையில் வால். அரசிலைக்கு அந்த நீள வால்தான் அழகு. இதில் வாலை நுனியில் கொஞ்சம் சுருட்டி விட்டிருக்கிறார்கள், குழந்தைக்குக் குத்தக் கூடாதே. இப்போது அச்சில் அடித்து வருவதில் வாலே கிடையாது, நரம்பு இரண்டு பக்கமும் கண்ணாடி பிம்பம் மாதிரி. சீட்டுக்கட்டு ஆட்டின். குத்தாது, சரி. ஆனால் அதை அரசிலை என்று பில்லில் எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

"அசீரியாக்காரன் அரண்மனைச் சுவரில் செதுக்கிய புனித மரமும் எந்த மரம் என்று தெரியாதபடிதானே இருக்கிறது, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. நிம்ருத் அரண்மனைச் சிற்பங்களில், கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டு, மரம் ஒரு கோலம் மாதிரிதான் இருக்கும், பேரீச்சை என்று பலரும் இல்லை என்று சிலரும் சொல்கிறார்கள். அதனால் அடையாளம் இல்லாத மரமே கூடாது என்று நான் அடம்பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கோலத்துக்குப் பக்கத்தில் அரசன் நிற்கிறான், சிறகு வைத்த காவல் தெய்வம் நிற்கிறது, கையில் வாளி, எல்லோரும் அதற்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள். மரத்துக்கு ஆள் இருக்கிறது. நம் டாலரில் அதுவும் இல்லை.

மரத்தை உடம்பில் போட்டுக்கொள்வது நமக்கு ஒன்றும் புதிதில்லை. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரில் முட்டிக்கொண்டு நின்றபோது கோவூர்கிழார் நடுவில் போய், எதிரே நிற்பவன் பனந்தோடு சூடியவனும் இல்லை, வேம்பு சூடியவனும் இல்லை, உன் தலையிலும் ஆத்தி, அவன் தலையிலும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்றார். புறநானூறு 45. பூவைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம், அந்த அளவுக்கு மரம் குறிப்பானது. காவல் மரம் என்று ஒன்றும் வைத்திருந்தார்கள், எதிரியைத் தோற்கடித்தால் முதலில் அதைத்தான் வெட்டுவார்கள். மோகூர்ப் பழையனின் வேம்பை வெட்டி முரசு செய்துகொண்டான் செங்குட்டுவன். ஒருவனின் புனிதம் இன்னொருவனுக்குக் கட்டை.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பெருமையையும் கொஞ்சம் சொறிந்துகொள்ள வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் நிற்கிற தேக்குத் தூணெல்லாம் பர்மாவிலிருந்து வந்தது. பிள்ளையார்பட்டியில் தல விருட்சம் மருது, அதில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். அம்மன் கோயில் வேம்பில் ஒரு கொப்பு ஒடித்தாலும் ஊர் கேட்கும். ஆனால் பர்மாக்காரனுக்கும் மரத்தில் நாட் என்று ஒரு தேவதை குடியிருக்கிறது என்பது கப்பல் கூலி கணக்குப் பார்த்தபோது யாருக்கும் நினைவுக்கு வந்திருக்காது. நம்ம ஊர் மரம் சாமி, அடுத்த ஊர் மரம் சரக்கு. குறிப்பிட்ட மரம், குறிப்பிட்ட மரம் என்று நான் தொண்டை கிழியக் கத்துகிறேனே, அதற்கு இப்படி ஒரு பக்கமும் உண்டு, அதை மறைத்து எழுதினால் நானும் அந்த அட்டை அச்சடிப்பவன் மாதிரிதான். தாய்லாந்தில் 1980-களின் கடைசியிலிருந்து சில பிக்குகள் காட்டு மரத்துக்குக் காவித் துணி கட்டித் துறவியாக்கிவிடுகிறார்கள், கோடாலி தயங்குகிறது. துணி கட்டினால் எந்த மரத்தையும் சாமியாக்கலாம் என்பது அவர்கள் பதில். எனக்கு அது பிடித்திருக்கிறது, டாலருக்கு அது பொருந்துமா என்றுதான் தெரியவில்லை.

இன்னொன்று. நம் பக்கத்து நகைகளில் மரத்தின் படத்தைவிட மரமே அதிகம். நகரத்தார் வீடுகளில் அறுபதாம் கல்யாணத்தில் ஐயாமார் கழுத்தில் ஏறும் கௌரிசங்கம் பார்த்திருக்கிறீர்களா? உருத்திராட்சம் கோர்த்து, பொன்னில் சிவனும் அம்பாளும் வைத்தது. உருத்திராட்சம் என்பது ஒரு மரத்துக் கொட்டை, நேபாளத்திலும் ஜாவாவிலும் விளைவது. பழம் பளபளக்கும் நீலம், அந்த நீலம் சாயம் இல்லை, தோலின் நுண்ணிய அடுக்கில் ஒளி பட்டுத் தெரிவது. முகம் என்று நாம் எண்ணுவது உள்ளே இருக்கும் அறைகளின் கோடு, அஞ்சு முகம்தான் அதிகம் விளைகிறது, அதனால்தான் விலை குறைவு. ஒரு முகம், இருபத்தொரு முகம் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கோட்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள், அரம் போட்ட தடமும் பசை தடவிய தடமும் தெரியும்.

காதோலை கருகமணி? ஆடிப்பெருக்கன்று ஆற்றம்மாவுக்கு விடுவோமே, சுருட்டிய பனை ஓலை, அதுதான் காதணி. இங்கே கொட்டான் என்கிற ஓலைக் கூடை முடையும் அதே குருத்தோலை. குழந்தைக்குக் காது குத்தியதும், தோடு ஏறுவதற்கு முன்னால், ஓட்டை தூர்ந்துவிடாமல் ஆத்தாமார் சொருகிவிடும் வேப்பங்குச்சி? யாரும் அதை நகைக் கணக்கில் சேர்ப்பதில்லை, நான் சேர்ப்பேன். குடம் போன்ற நகைக்குள் நாங்கள் அடைக்கிற அரக்கு, புரசிலும் இலந்தையிலும் பூச்சி கட்டுவது. கழுவப் பூந்திக்கொட்டை. நிறுத்தது எதில்? இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் சாமி நகைக்கெல்லாம் இந்தக் கணக்குதான், மூன்றும் கொடியிலும் மரத்திலும் காய்த்த விதை. இவ்வளவும் கையிலேயே இருக்கும்போது வலிமை, ஞானம் என்று அட்டை எதற்கு? நகரத்தார் தாலியான கழுத்திருவில் ஏத்தனம் என்று கூர் வைத்த ஒரு துண்டு உண்டு, அதற்கும் இப்படித்தான் ஆளுக்கொரு விளக்கம் வீடியோ போடுகிறார்கள், நாலு கூர் நாலு வேதம் என்று ஒருவர், நாலு திசை என்று இன்னொருவர், கேட்டு முடிப்பதற்குள் விளம்பரம் வந்துவிடுகிறது.

ஆர்டர் விஷயம். புளி, மா, அரசு, ஆல், வேம்பு எதுவானாலும் செய்கிறேன், உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் முருங்கை என்றாலும் சரி. இலையைப் பறித்து நோட்டுக்குள் வைத்து அழுத்தாமல், அப்படியே பச்சையாக, இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்புங்கள். தொங்கலாகத்தான் செய்வேன், ஆடும், எப்போதாவது நூலில் மாட்டும், அதற்குப் புகார் சொல்லக் கூடாது. வேப்பிலைக்குப் பல்லு பல்லாக விளிம்பு வெட்ட வேண்டும், கூலி கூடுதல். சேதாரம் எல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் யார் வீட்டுப் பெட்டகத்திலாவது வால் வைத்த பழைய அரசிலை, கை வேலை மாங்காய் மாலை, தாழம்பூ வைத்த ஜடை நகை கிடந்தால், பழசைப் போட்டுப் புதுசு எடுக்கக் கிளம்பும் முன் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு போட்டோ எனக்கு அனுப்பிவிடுங்கள். பின்பக்கம் முக்கியம், ஒட்டு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று அங்கேதான் தெரியும். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து எடுத்தால் அளவும் கிடைத்துவிடும்.