சங்கப் பாட்டில் அப்பாவுக்குப் பாசம் இல்லையா?

'சங்கப் பாடல்களில் தந்தைக்குக் கடமை மட்டும்தான், பாசம் கிடையாது' என்று ராயபுரம், தண்டையார்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அதில் சான்றாகக் காட்டும் 'சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே' என்ற அடி உண்மைதான். புறநானூறு 312, பொன்முடியார் பாடியது. சரி, அதே நூலின் 188-ஆம் பாட்டையும் படிக்க வேண்டாமா? பாடியவர் பாண்டியன் அறிவுடை நம்பி, ஓர் அரசர். குறுகுறுவென நடந்து வந்து, சின்னக் கையை நீட்டி, நெய்ச்சோற்றைத் தொட்டு, கவ்வி, துழாவி, உடம்பெல்லாம் சிதறிக்கொள்ளும் குழந்தை அதில் வருகிறது. எவ்வளவு அழகு! அப்படி மயக்கும் பிள்ளைகள் இல்லையென்றால், எத்தனை செல்வம் இருந்தும் வாழ்நாளுக்குப் பயனில்லை என்கிறார் அவர். காசிமேட்டில் மீன்குழம்புச் சோறு பிசைந்து ஊட்டும் அப்பாக்களுக்கு இந்தப் பாட்டு உரையில்லாமலே புரியும்.