டாமர் ஹாம்லின் விழுந்தது தடுப்பூசியால் அல்ல

அமெரிக்கக் கால்பந்து வீரர் டாமர் ஹாம்லின் மைதானத்தில் சுருண்டு விழும் வீடியோவைப் போட்டு, "கொரோனா தடுப்பூசியால் வந்த மாரடைப்பு" என்று இன்னமும் பரப்புகிறார்கள். சுத்தப் பொய்.

2023 ஜனவரி 2, சின்சினாட்டியில் ஹாம்லினின் பஃபலோ பில்ஸ் அணிக்கும் பெங்கால்ஸ் அணிக்கும் ஆட்டம். பந்தோடு ஓடிவந்த பெங்கால்ஸ் வீரர் டீ ஹிக்கின்ஸ் மோதியது ஹாம்லினின் நெஞ்சில்; ஹிக்கின்ஸைப் பிடித்து வீழ்த்திவிட்டு எழுந்து நின்ற ஹாம்லின் அப்படியே பின்பக்கமாகச் சாய்கிறார். இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடித்துளியில் நெஞ்சில் பலமாக அடி விழுந்தால் துடிப்பு தாறுமாறாகிவிடும், 'கமோஷியோ கார்டிஸ்' என்பார்கள், எந்தக் கோளாறும் இல்லாத இதயத்துக்கும் அபூர்வமாக இது நேரும். தன்னைப் பார்த்த மருத்துவர்கள் சொன்ன காரணம் இதுதான் என்று ஹாம்லினே அந்த ஏப்ரலில் அறிவித்தார், அடுத்த சீசனில் ஆடவும் வந்துவிட்டார். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து அவரை மீட்டவர்களைப் பற்றி இந்த வதந்திக்காரர்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை, அதுதான் எனக்குக் கோபம்.

சரி, அந்த ராத்திரியில் பகிர வேண்டியது எது தெரியுமா? பில்ஸ் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) ஜாஷ் ஆலன் கண் கலங்கி நிற்கிறார். எதிரணிக் குவார்ட்டர்பேக் ஜோ பரோ தன் சக கேப்டன்களோடு பில்ஸ் அணியின் அறைக்கே போய் ஆறுதல் சொல்கிறார். பிளே-ஆஃப் வரிசையைப் பாதிக்கிற ஆட்டம் அது, நிறுத்தியதோடு சரி, மறுபடி நடக்கவே இல்லை.