ஆர்டிஎக்ஸ் நம்பரை மட்டும் பாத்து எடிட்டிங் லேப்டாப் வாங்காதீங்க

எடிட்டிங், மோஷன் கிராஃபிக்ஸ் பண்ண லேப்டாப் வாங்கப் போறேன், எது வாங்கலாம்னு கேக்கறவங்க கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பறாங்க. அதுல மூணு நாலு மாடல் இருக்கும், எல்லாத்துலயும் கிராஃபிக்ஸ் கார்டு நம்பரை (என்விடியா கம்பெனி கார்டுன்னா ஆர்டிஎக்ஸ்னு ஆரம்பிக்கும்) மட்டும் சிவப்பு வட்டம் போட்டிருப்பாங்க. அந்த வட்டத்தைப் பாக்கும்போதெல்லாம் எனக்குப் பக்குனு இருக்கும். நானும் அப்படித்தான் ஒண்ணு வாங்கி ரெண்டு வருஷம் அதோட மல்லுக்கட்டினேன். அதனாலதான் கொஞ்சம் நீளமாவே எழுதறேன், வாங்கப் போறவங்க பொறுமையா படிங்க.

அப்போ எனக்கு வேலை பாதி எடிட்டிங், பாதி மோஷன் கிராஃபிக்ஸ் பண்ற மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ். கையில இருந்த காசை எல்லாம் கிராஃபிக்ஸ் கார்டுல கொட்டிட்டு ரேம் 16 ஜிபி போதும்னு விட்டுட்டேன். அந்த ரேம் போர்டோட சேத்து சால்டர் பண்ணது, பின்னாடி ஏத்தவே முடியாதுங்கறது வாங்கினப்புறம்தான் தெரிஞ்சுது. முதல் வாரமே கேமராவுல எடுத்த 10 பிட் (நிறத்தை நுணுக்கமா பதியற வகை) ஃபுட்டேஜைப் போட்டா, கிளிப்பை அடுக்கி வெட்டற டைம்லைன் விக்கி விக்கி ஓடுது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாத்தா கிராஃபிக்ஸ் கார்டு 8 சதவீதம், 10 சதவீதம்னு சும்மா உக்காந்திருக்கு, ப்ராசஸர் மட்டும் 100-ல நின்னு ஃபேன் கத்திட்டு இருக்கு. அவ்வளவு காசு எதுக்குக் குடுத்தேனோ அது வேலையே செய்யல, இது அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம்.

அதுக்கப்புறம்தான் ஒண்ணு புரிஞ்சுது. எடிட்டிங் வேற, மோஷன் கிராஃபிக்ஸ் வேற, ரெண்டும் மிஷின்கிட்ட கேக்கறது வேற வேற. அதனால எந்த லேப்டாப்னு கேக்கறதுக்கு முன்னாடி நீங்க எங்க காத்துட்டு இருக்கீங்கன்னு பாக்கணும். டைம்லைன் ஓடாம காத்திருக்கீங்களா, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல ப்ரிவ்யூ தயாரானதைக் காட்டற பச்சைக்கோடு நகராம காத்திருக்கீங்களா, முடிச்ச வீடியோவை ஃபைலா எடுக்கற கடைசி ரெண்டருக்குக் காத்திருக்கீங்களா. இந்த மூணுக்கும் மருந்து ஒண்ணு இல்ல.

முதல்ல டைம்லைன். கேமராவும் ஃபோனும் எடுத்துக் குடுக்கற எச்.264, எச்.265 (வீடியோவைச் சுருக்கி வைக்கற முறைகள்) ஃபைல்ல பெரும்பாலும் எல்லா பிரேமும் முழுசா சேவ் ஆகி இருக்காது. எப்பவாவது ஒரு முழு பிரேம் இருக்கும், மத்ததெல்லாம் முன்னயும் பின்னயும் இருக்கற பிரேமை வச்சு என்ன மாறுச்சோ அது மட்டும்தான். பாக்கறவங்களுக்கு இது பிரச்சனை இல்ல, வரிசையா ஓடிடும். ஆனா எடிட்டர் நடுவுல குதிக்கறாரு, பின்னாடி இழுக்கறாரு, மூணு கேமரா ஆங்கிளை ஒண்ணு மேல ஒண்ணு வைக்கறாரு, ஒவ்வொரு தடவையும் பக்கத்து பிரேம்களை எல்லாம் பிரிச்சுக் கணக்குப் போட்டாத்தான் அந்த ஒரு பிரேம் கிடைக்கும். இந்தப் பிரிக்கற வேலைக்குன்னே சிப்புக்குள்ள தனியா ஒரு சின்ன பகுதி இருக்கு, டீகோடர்னு சொல்லுவாங்க. உங்க ஃபுட்டேஜ் வகையை அந்த டீகோடர் ஆதரிச்சா வெண்ணெய் மாதிரி ஓடும். இல்லைன்னா மொத்த பாரமும் ப்ராசஸர் தலையில விழும்.

இதுல பலரும் மாட்டறது எச்.265, 10 பிட், 4:2:2 (4:2:0-ஐவிட நிற விவரத்தை அதிகமா வச்சிருக்கற வகை) ஃபுட்டேஜ்ல. இப்போ வர நல்ல மிரர்லெஸ் கேமரா நிறைய இதுலதான் எடுக்குது. இன்டெல்ல 11-வது தலைமுறையில இருந்து ப்ராசஸரோட சேந்து வர கிராஃபிக்ஸ்லயே இதுக்கு டீகோடர் இருக்கு, குயிக் சிங்க்னு பேரு. ஆப்பிள்ல எம்1-ல இருந்தே இருக்கு. என்விடியாவுல 2025-ல வந்த ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ்லதான் 4:2:2 வந்துச்சு, 30, 40 சீரிஸ்ல 4:2:0 நல்லா ஓடும், 4:2:2 கிடையாது. அதாவது விலை கம்மியான ஒரு இன்டெல் லேப்டாப், அதைவிடப் பெரிய கார்டு இருந்தும் இந்த டீகோடர் இல்லாத இன்னொண்ணைவிட இந்த ஃபுட்டேஜை நல்லா ஓட்டும். கார்டு மோசம்னு சொல்ல வரல, அந்தக் குறிப்பிட்ட பூட்டுக்கு அது சாவி இல்ல, அவ்வளவுதான். உங்க கேமரா மெனுவுல ரெக்கார்டிங் ஃபார்மேட் என்னன்னு இப்பவே போய் பாருங்க, லேப்டாப் தேடறதெல்லாம் அதுக்கப்புறம்.

ப்ராக்ஸி பண்ணிக்கலாமேன்னு கேப்பீங்க. தாராளமா பண்ணலாம், நான் இன்னிக்கும் பண்றேன். ஃபுட்டேஜை ப்ரோரெஸ் ப்ராக்ஸி மாதிரி எல்லா பிரேமும் தனித்தனியா இருக்கற ஃபார்மேட்ல சின்ன சைஸ்ல மாத்திட்டா பழைய லேப்டாப்லயே அழகா எடிட் பண்ணலாம். வெறும் கட்டிங் வேலைதான்னா புது லேப்டாப்பே வேணாம்னு நான் நிறைய பேருக்குச் சொல்லி இருக்கேன். ஆனா அன்னிக்கு எடுத்து அன்னிக்கே குடுக்கற வேலை பாக்கறவங்களுக்கு ப்ராக்ஸி உருவாக்க நேரம் இருக்காது, அவங்களுக்கு டீகோடர் கட்டாயம்.

இப்போ ஆஃப்டர் எஃபெக்ட்ஸ். இங்கதான் எனக்கு ரொம்ப ஆதங்கம், ஏன்னா இந்த மென்பொருளுக்கு என்ன வேணுங்கறதை ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே தெரிஞ்சுடும், அதை யாரும் போடறதில்ல. ப்ரிவ்யூ அழுத்தினா ஒவ்வொரு பிரேமையும் கணக்குப் போட்டு, அமுக்காம அப்படியே ரேம்ல அடுக்கும். 1920க்கு 1080 பிரேம்ல கிட்டத்தட்ட 20 லட்சம் பிக்சல், ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபான்னு நாலு சேனல், 8 பிட்ல நாலு பைட். ஆக ஒரு பிரேம் 8 எம்பி சொச்சம். 25 பிரேம்ல 10 செகண்டுன்னா 250 பிரேம், 2 ஜிபிக்கு மேல. இது வரைக்கும் பரவால்ல. இதையே 4கே பண்ணுங்க, பிக்சல் நாலு மடங்கு. கிரேடியன்ட்ல பட்டை பட்டையா தெரியுதேன்னு ப்ராஜெக்ட்டை 16 பிட்டுக்கு மாத்துங்க, அதுல ரெண்டு மடங்கு. ஒரு பிரேம் 66 எம்பி, அதே 10 செகண்டுக்கு 16 ஜிபியைத் தாண்டிடும். 32 பிட் போட்டா 33 ஜிபி. இதுல விண்டோஸுக்கு, பிரவுசருக்கு, பக்கத்துல திறந்து வச்சிருக்கற எடிட்டிங் மென்பொருள் பிரீமியருக்கு எதையும் நான் சேக்கல.

16 ஜிபி வச்சுட்டு 4கே கம்ப்ல (காம்போசிஷன், அதாவது ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல லேயர் அடுக்கற காட்சி) உக்காந்தவங்களுக்குத் தெரியும், மூணு நாலு செகண்டு ப்ரிவ்யூ ஓடும், அதோட நின்னுடும், திரும்ப முதல்ல இருந்து. அனிமேஷன்ங்கறது டைமிங். பத்து செகண்டையும் நிக்காம பாத்தாத்தான் ஈஸ் (அசைவு மெதுவா ஆரம்பிச்சு மெதுவா நிக்கறது) சரியா இருக்கா, எழுத்து வந்து விழற இடம் இசையோட பொருந்துதான்னு தெரியும். துண்டு துண்டா பாத்து பண்ற அனிமேஷன் துண்டு துண்டாத்தான் வரும். ரேம் பத்தலைன்னா நேரம் மட்டும் போகல, வேலையோட தரமே போகுது. இதுக்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

இன்னொண்ணு, 2021 அக்டோபர்ல வந்த வெர்ஷன்ல இருந்து ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஒரே நேரத்துல பல பிரேமை ப்ராசஸரோட வேற வேற கோர்ல (ப்ராசஸருக்குள்ள தனித்தனியா வேலை செய்யற பகுதி) ரெண்டர் பண்ணுது. கேக்க நல்லா இருக்கு, ஆனா ஒவ்வொரு பிரேமுக்கும் தனியா ரேம் வேணும், ரேம் இல்லைன்னா கோர் எத்தனை இருந்தாலும் தானாவே குறைச்சுக்கும். கோர் நிறைய வாங்கிட்டு ரேமைக் குறைக்கறது ஆள் நிறைய கூப்பிட்டுட்டு உக்கார இடம் போடாத மாதிரி. என் கணக்கு இதுதான்: மோஷன் கிராஃபிக்ஸ் பண்றவங்களுக்கு 32 ஜிபி ஆரம்பம், 4கே பண்றவங்களுக்கு 64. இப்போ 32 வாங்கினாலும் பின்னாடி ஏத்தற ஸ்லாட் இருக்கான்னு பாத்து வாங்குங்க. 2025-ல வந்த வெர்ஷன்ல ப்ரிவ்யூவை டிஸ்க் கேஷ்ல (கணக்குப் போட்ட பிரேமை டிஸ்க்ல சேத்து வைக்கற இடம்) இருந்தே ஓட்ட வழி குடுத்திருக்காங்க, அது பெரிய ஆறுதல்தான், ஆனா அதுக்கு வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டியும் அதுல காலி இடமும் வேணும். அவசரத்துக்கு ப்ரிவ்யூவை ஹாஃப் ரெசல்யூஷன்ல வைங்க, பிக்சல் கால்வாசி ஆகும், ரேமும் கால்வாசிதான் தின்னும்.

என்கூட வேலை பாத்த ஒரு தங்கச்சி லேப்டாப்பையே மாத்தணும்னு நின்னுச்சு. வழக்கம்போல வேலை பாக்கும்மா, பக்கத்துல டாஸ்க் மேனேஜரை மட்டும் திறந்து வைன்னு சொன்னேன். சாயங்காலம் ஃபோட்டோ அனுப்புச்சு, நாள் முழுக்க ரேம் 95-க்குக் கீழ இறங்கவே இல்ல, ப்ராசஸர் பாதிகூட ஓடல. பின்மூடியைக் கழட்டிப் பாத்தா ஒரு ஸ்லாட் காலியா இருக்கு. இன்னொரு ஸ்டிக் போட்டு 32 ஆக்கினதோட சரி, இப்பவும் அதுலதான் வேலை பாக்குது. ஒத்த ஸ்டிக்கா இருந்தது ரெண்டானதுல டேட்டா ரெண்டு வழியா போற டூயல் சேனல் ஆகி வேகமும் கொஞ்சம் கூடுச்சு.

அப்போ கிராஃபிக்ஸ் கார்டு வேணாமான்னா, வேணும், யாருக்குன்னு தெரிஞ்சுக்கணும். டாவின்சி ரிசால்வ்ல கலர் பண்றவங்க, நாய்ஸ் ரிடக்‌ஷன் போடறவங்க, பிளெண்டர் சைக்கிள்ஸ், ரெட்ஷிஃப்ட், ஆக்டேன்ல 3டி ரெண்டர் பண்றவங்க, இவங்களுக்கு எல்லாம் கார்டுதான் எல்லாமே. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல ஷேப் லேயர், எக்ஸ்பிரஷன், மாஸ்க்னு வேலை பாக்கறவங்களுக்குப் பாரம் பெரும்பாலும் ப்ராசஸர்லயும் ரேம்லயும்தான், நடுத்தரக் கார்டு போதும்.

கார்டு வாங்கறவங்களும் பேரைப் பாத்து வாங்காதீங்க. டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4070-ல விரேம் (கார்டோட சொந்த மெமரி) 12 ஜிபி, லேப்டாப் 4070-ல 8 ஜிபி. டெஸ்க்டாப் 4090-ல 24, லேப்டாப்ல 16. பேரு ஒண்ணு, சிப்பே வேற. லேப்டாப் 4060, 4070 ரெண்டுக்கும் விரேம் 8 ஜிபிதான், ரெண்டும் 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும் எப்படி வேணா செட் ஆகி வரும். மெல்லிசா இருக்கற உடம்புல வாட்டைக் குறைச்சு அடைச்ச 4070-ஐ, முழு வாட்ல ஓடற 4060 முந்திட்டுப் போகலாம். அந்த வாட் கணக்கு விளம்பரத்துல பெருசா வராது, ஸ்பெக் ஷீட்ல மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்னு ஒரு வரி இருக்கும், அதைத் தேடிப் புடிங்க. 3டி சீன்ல டெக்ஸ்சர் எல்லாம் விரேமுக்குள்ள அடங்கலைன்னா ரெண்டர் படுத்துடும், இல்ல பாதியில நின்னுடும், அதனால 3டி ஆளுங்க நம்பரைவிட விரேமைப் பாருங்க.

ப்ராசஸர்ல கடைசி எழுத்து முக்கியம். இன்டெல்ல யு-ன்னா பொதுவா 15 வாட், எச்-ன்னா 45, எச்எக்ஸ்-ன்னா 55. ஐ7-ன்னு ஸ்டிக்கர் இருக்குன்னு யு ப்ராசஸரை வாங்கிட்டு வந்து அழுதவங்களைப் பாத்திருக்கேன். சூடும் பாக்கணும், 10 நிமிஷ டெஸ்ட்ல பறக்கற லேப்டாப் ரெண்டு மணி நேர ரெண்டர்ல வேகத்தைக் குறைச்சுக்கும். மேக்புக் ஏர்ல ஃபேனே கிடையாது, சின்ன எடிட்டுக்கு அருமை, நீளமான ரெண்டருக்கு ப்ரோதான் சரி.

மேக்கா விண்டோஸாங்கற சண்டையில எனக்குப் பெருசா ஆர்வம் இல்ல. எடிட்டிங் அதிகம், வெளிய உக்காந்து பேட்டரியில வேலை பாக்கறவங்கன்னா மேக் நல்லா இருக்கும், ப்ளக் எடுத்தாலும் வேகம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கு, விண்டோஸ் கேமிங் லேப்டாப் ப்ளக் எடுத்ததும் கார்டோட வாட்டைக் குறைச்சுக்கும். 3டி அதிகம்னா என்விடியா பக்கம் போங்க. ஆனா மேக்ல 8 ஜிபி மத்ததுல 16-க்குச் சமம்னு சொல்றதை மட்டும் தயவுசெஞ்சு நம்பாதீங்க. 4கே 16 பிட் பிரேம் அங்கயும் 66 எம்பிதான், அதே மெமரியை அங்க கிராஃபிக்ஸும் பங்கு போட்டுக்குது, வாங்கினப்புறம் ஏத்தவும் முடியாது.

ஸ்கிரீன் எவ்வளவு நிறம் காட்டும்னு அளக்கற அளவுகோல்தான் என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி ரெண்டும். டிஸ்ப்ளேல 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு போட்டிருந்தா கலர் வேலைக்கு வாங்காதீங்க, எஸ்ஆர்ஜிபியில 60 சொச்சம் சதவீதம்தான் காட்டும். சிவப்பு மங்கலா தெரியுதுன்னு நீங்க ஏத்தி ஏத்தி வைப்பீங்க, அதைப் ஃபோன்ல பாக்கறவங்களுக்கு மூஞ்சி எல்லாம் தக்காளியா இருக்கும். எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம் குறைஞ்சபட்சம். வீட்டுல நல்ல மானிட்டர் இருந்தா இதுல விட்டுக்குடுக்கலாம்.

ஸ்டோரேஜ் 1 டிபிக்குக் கீழ வேணாம், ரெண்டாவது எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி மாட்டற இடம்) இருந்தா ரொம்ப நல்லது, கேஷுக்குத் தனியா வச்சுக்கலாம். 4கே 30 பிரேம் ப்ரோரெஸ் 422 எச்கியூ செகண்டுக்கு 110 எம்பி, ஒரு நிமிஷத்துக்கு 6.6 ஜிபி. சுத்தற ஹார்டு டிஸ்க்ல இருந்து ஒண்ணு ஓட்டவே அது திணறும். ஹார்டு டிஸ்க் பேக்கப்புக்கு மட்டும்.

வாங்கறதுக்கு முன்னாடி உங்களோட கனமான ப்ராஜெக்ட் ஒண்ணை, ஃபுட்டேஜோட, ஒரு எஸ்எஸ்டியில எடுத்து வைங்க. கடையில ஓட்டிப் பாக்க விட்டா அங்கயே பாருங்க. விடலைன்னா திருப்பிக் குடுக்கற வசதி எத்தனை நாளுன்னு கேட்டு எழுதி வாங்கிட்டு, வீட்டுக்கு வந்த முதல் நாளே அந்த ப்ராஜெக்ட்டை ரெண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்க, முதல் ரெண்டர் எவ்வளவு நேரம், அஞ்சாவது ரெண்டர் எவ்வளவு நேரம்னு குறிச்சு வைங்க. அஞ்சாவது ரொம்ப தள்ளிப் போனா கூலிங் பத்தல, திருப்பிடுங்க. அது வரைக்கும் பாக்ஸையும் உள்ள இருந்த கவரையும் கிழிக்காம பத்திரமா வைங்க.